நாகதாளியா, டிராகன் பழமா? வன்னி வளவுக்கு ஏற்ற கள்ளிச் சாறு எது

மாரி மழை ஓய்ந்து, குளத்து நீர் வயலோடு நின்றுவிடும் மாதங்களில், வன்னியின் மேட்டுக்காணிகளில் எவரும் தண்ணீர் ஊற்றாமலே பச்சையாக நிற்கும் செடிகள் மிகச் சில. அவற்றுள் நாகதாளி ஒன்று. மன்னார்க் கரையோரத்திலும் பூநகரிப் பக்கத்து மணற்றரைகளிலும் அது கேட்பாரின்றி வளர்கிறது. மறுபுறம், கொன்கிறீற் தூணில் ஏற்றி வளர்க்கும் டிராகன் பழக்கொடி கிளிநொச்சி, வவுனியா வளவுகளுக்குள்ளும் வந்துவிட்டது. இரண்டும் கள்ளிக் குடும்பத்தவை. இரண்டின் சாற்றிலும் எதிரொட்சியேற்றிகள் நிறைந்துள்ளன என்பதே இரண்டுக்கும் சொல்லப்படும் பெருமை. கால் ஏக்கர் மேட்டுக்காணி உள்ள ஒரு குடும்பமோ, சாறு பிழிந்து போத்தலில் அடைத்து விற்க எண்ணும் ஒரு பெண்கள் குழுவோ இவற்றில் எதைத் தெரிவது, தெரிந்ததை எந்த வடிவில் எடுப்பது என்ற கேள்வி என்னிடம் பலமுறை வந்திருக்கிறது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வீட்டில் குடிப்பதற்கு நாகதாளிப் பழச்சாறு, விற்பதற்குச் சிவப்புச் சதை டிராகன் பழம், அதுவும் சாறாக அல்லாமல் பழமாகவே. நாகதாளி மட்டையை, அதாவது அதன் தட்டையான தண்டை, உலர்த்திய தூளும், மதுசாரத்தில் ஊறவைத்து எடுக்கும் வடிப்பும் இரண்டு தேவைக்கும் பொருந்தா. இந்த முடிவுக்கு வந்த வழியைக் கீழே விரித்துரைக்கிறேன்.

ஒப்பிடத் தொடங்குமுன் சில செடிகளை ஒதுக்கிவைக்க வேண்டும், ஏனெனில் நம் பேச்சில் ‘கள்ளி’ என்ற ஒரே சொல் உறவே இல்லாத செடிகளையும் சேர்த்துக் குறிக்கிறது. வேலியில் நிற்கும் சதுரக்கள்ளியும் கொம்புக்கள்ளியும் ஆமணக்கின் குடும்பத்தைச் சேர்ந்தவை. அவற்றின் வெண்பால் தோலைப் புண்ணாக்கும். கண்ணில் பட்டால் பார்வையையே கெடுக்கக்கூடும். கற்றாழையும் கள்ளியினம் அன்று. அதன் தோலுக்கு அடியில் ஊறும் மஞ்சள் நீர் கடும் பேதியை உண்டாக்கும். நாகதாளியின் மட்டையை வெட்டினால் பால் வடியாது. நிறமற்ற, வழுவழுப்பான கூழே வரும். ‘கள்ளிச் சாறு உடம்புக்கு நல்லது’ என்று கேட்டவுடன் வேலியில் நிற்பதை ஒடித்துப் பிழிய எவரும் முனையக்கூடாது என்பதற்காகவே இதை முதலில் வைக்கிறேன்.

எதிரொட்சியேற்றி என்பது, உடலின் கலங்களில் உருவாகி அவற்றைத் தாக்கும் நிலையற்ற துணிக்கைகளான சுயாதீன மூலிகங்களுக்குத் தன் இலத்திரனையோ ஐதரசன் அணுவையோ கொடுத்து அவற்றை அடக்கும் பொருள். ஒரு தாவரச் சாற்றுக்கு இந்த ஆற்றல் எவ்வளவு உண்டு என்பதை அளக்க ஆய்வுக்கூடங்களில் அதிகமாகப் பயன்படுவது, 1958 ஆம் ஆண்டு விவரிக்கப்பட்ட டிபிபிஎச் முறையாகும். அடர் ஊதா நிறமான அந்தக் கரைசலில் சாற்றை விட்டால், சாற்றின் ஆற்றலுக்கு ஏற்ப ஊதா மங்கி மஞ்சளாகும். ஊதாவைப் பாதியாகக் குறைக்க எவ்வளவு சாறு தேவைப்பட்டது என்பதையே எண்ணாகத் தருவார்கள். எனவே அங்கே எண் சிறிதாக இருந்தால் ஆற்றல் பெரிது. தாவரங்களில் உள்ள எதிரொட்சியேற்றிகளில் ஒரு பெரிய வகையான பீனோலியப் பொருட்களின் மொத்தத்தை அளக்கும் வேறொரு முறையோ விற்றமின் சி, சில சீனி வகைகள் ஆகியவற்றையும் சேர்த்தே கணக்கில் எடுத்துவிடும். ஓர் ஆய்வில் மெதனோலில் ஊறவைத்த உலர்ந்த தோலை அளந்திருப்பார்கள், மற்றோர் ஆய்வில் தண்ணீரில் கரைத்த புதுச் சதையை அளந்திருப்பார்கள். இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்து ‘இது அதைவிட மூன்று மடங்கு சிறந்தது’ என்று சொல்வது, மரைக்காலால் அளந்த நெல்லையும் மூட்டையாக எண்ணிய நெல்லையும் ஒப்பிடுவது போன்றது. உணவுகளின் எதிரொட்சியேற்ற ஆற்றலைத் தரவரிசைப்படுத்தி அமெரிக்க வேளாண்மைத் திணைக்களம் வெளியிட்டிருந்த பெரிய அட்டவணையொன்று 2012 இல் மீளப்பெறப்பட்டது. குழாயில் அளந்த எண்களை வைத்து வணிக நிறுவனங்கள் உடல்நலம் பற்றிய வாக்குறுதிகளை அளித்ததும், அந்த எண்கள் மனித உடலில் நிகழ்வதைக் காட்டாமையுமே அதற்குக் காரணங்கள். ஆகையால் இக்கட்டுரையில் அத்தகைய எண்களை நான் தீர்ப்புக்கு வைக்கவில்லை. மனிதர் உண்டு பார்த்த முடிவுகளையும், சாறு நம் கோப்பைக்கு வந்து சேரும்வரை எவ்வளவு மிஞ்சுகிறது என்பதையுமே வைக்கிறேன்.

இரண்டு பழங்களின் சிவப்பும் ஒரே குடும்பத்து நிறமிகளால் வருவது. பீற்றலைன்கள் எனப்படும் இவை பீற்றூட் கிழங்கிலும் உள்ளவை; பெயரும் பீற்றூட்டின் இலத்தீன் பெயரிலிருந்து வந்ததே. செவ்வூதாவானவை பீற்றசயனின்கள், மஞ்சளானவை பீற்றசாந்தின்கள். நாவற்பழத்தின் கருநீலம் அந்தோசயனின் என்ற வேறு நிறமியால் வருகிறது. இந்த இரண்டு வகையும் ஒரே செடியில் சேர்ந்து காணப்படுவதில்லை. நிறமியே எதிரொட்சியேற்றியாகவும் இருப்பதால், கள்ளிப் பழங்களைப் பொறுத்தவரை நிறம் வெறும் அழகன்று. வெண்சதை டிராகன் பழத்தின் உட்பகுதியில் இந்நிறமி இல்லை என்றே சொல்லலாம். அதன் சிவப்பு தோலோடு நின்றுவிடுகிறது. எதிரொட்சியேற்றிக்காக டிராகன் பழம் நட விரும்புவோர் கன்று வாங்கும்போது சதையின் நிறத்தைக் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும், ஏனெனில் கன்றைப் பார்த்து அதைச் சொல்வது எளிதன்று.

இத்துறையில் நான் மிகவும் மதிக்கும் மனித ஆய்வு இத்தாலியின் பலேர்மோ நகரில் செய்யப்பட்டு 2004 இல் வெளியானது. நலமுள்ள 18 பேருக்கு இரண்டு வாரங்கள் நாளொன்றுக்கு இருமுறை 250 கிராம் கள்ளிப்பழச் சதை கொடுக்கப்பட்டது. இடைவெளி விட்டு வேறு இரண்டு வாரங்கள் அதே அளவு விற்றமின் சி மட்டும், அதாவது 75 மில்லிகிராம் இருமுறை, கொடுக்கப்பட்டது. இரண்டு காலங்களிலும் இரத்தத்தில் விற்றமின் சி ஏறக்குறைய ஒரே அளவில் உயர்ந்தது. ஆயினும் கொழுப்பு ஒட்சியேற்றமடைவதைக் காட்டும் குறிகாட்டிகள் பழம் உண்ட காலத்தில் மட்டுமே குறைந்தன. அவற்றில் ஒன்று ஏறத்தாழ 30 சதவீதமும், மலொன்டயல்டிகைட்டு என்ற மற்றொன்று ஏறத்தாழ 75 சதவீதமும் குறைந்திருந்தன. விற்றமின் சிக்கு அப்பால் பழத்தில் வேறு ஏதோ வேலை செய்கிறது என்பதற்கு இது நல்ல சான்று. இதைப் படிப்பவர்கள் இரண்டு விவரங்களை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். கொடுக்கப்பட்டது வடிப்போ வில்லையோ அன்று, முழுச் சதை. அளவும் நாளுக்கு அரைக் கிலோ. அதைவிட முக்கியமானது, அந்தப் பழம் நம் நாகதாளி அன்று என்பது. அது மெக்சிக்கோவிலிருந்து மத்தியதரைக் கடல் நாடுகளுக்குச் சென்று பயிரான, பெரிய, இனிப்பான கள்ளிப்பழம்.

இந்த வேறுபாடு சிறியதன்று. அதே ஆய்வாளர்கள் அப்பழத்தின் நிறமிகள் உடலுக்குள் எவ்வளவு செல்கின்றன என்றும் பார்த்தார்கள். இந்திக்கசாந்தின் என்ற மஞ்சள் நிறமியில் ஏறத்தாழ 76 சதவீதம் சிறுநீரில் மீண்டு வந்தது. பீற்றனின் என்ற சிவப்பு நிறமியில் 4 சதவீதமும் வரவில்லை. அதாவது மஞ்சள் நிறமி குடலிலிருந்து இரத்தத்துக்கு நன்றாகச் சேர்கிறது. சிவப்பு நிறமியில் பெரும்பகுதி குடலைத் தாண்டுவதில்லை. நாகதாளியிலும் சிவப்பு டிராகன் பழத்திலும் மிகுந்திருப்பது சிவப்பு நிறமியே. ஆகவே பலேர்மோவின் 75 சதவீதத்தை நாகதாளிப் போத்தலின் சுட்டுத்துண்டில் அச்சிடுவது நேர்மையாகாது. நம் பழங்களில் பயன் இருக்கிறது என்று நம்பவே எனக்குக் காரணம் உண்டு, ஏனெனில் அவற்றில் விற்றமின் சியும், பீனோலியப் பொருட்களில் ஒரு பிரிவான பிளேவனொயிட்டுகளும் உள்ளன, குடலுக்குள்ளேயே சிவப்பு நிறமி செய்யும் வேலையும் இருக்கலாம். ஆயினும் அந்தப் பயனை மிதமானதாகவே எண்ணித் திட்டமிட வேண்டும்.

இனி நாகதாளிப் பழம். கனரித் தீவுகளில் ஒன்றான டெனரீஃபில் நாகதாளியும் மத்தியதரைக் கள்ளிப்பழமும் பக்கத்துப் பக்கத்தில் வளர்கின்றன. அங்கே இரண்டையும் ஒரே முறையால் அளந்தபோது, நாகதாளியில் பீனோலியப் பொருட்கள் இரண்டு மடங்குக்கு மேலும் விற்றமின் சி கணிசமாக அதிகமாகவும் இருந்தன. ஒரே மண், ஒரே அளவுகோல் என்பதால் இந்த ஒப்பீட்டை நான் நம்புகிறேன். நாகதாளியின் புளிப்பும் அதற்கு ஒரு பலம். ஒரு சாற்றின் அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் எண் 4.6 க்கு மேல் இருந்தால், அடைத்த போத்தலுக்குள் உயிராபத்தான நச்சை உண்டாக்கும் பற்றீரியா வளர இடமுண்டு. நாகதாளிச் சாறு இயல்பாகவே அந்த எல்லைக்குக் கீழே நிற்கும். டிராகன் பழச்சாறு அந்த எல்லையை ஒட்டி நிற்பதால் தேசிக்காய்ப் புளி சேர்க்காமல் அதை அடைத்து வைக்கக்கூடாது. நாகதாளிக்கு ஆகும் செலவோ, பழத்தைப் பறிக்கும் உழைப்பு மட்டுமே.

அந்த உழைப்பைக் குறைத்து மதிப்பிடவும் கூடாது. பெரிய முள்ளைக் கண்ணால் கண்டு விலக்கலாம். பழத்தின் மேல் கொத்துக் கொத்தாக இருக்கும் மயிர்போன்ற நுண்முட்களைக் காண முடியாது. அவை விரலிலோ உதட்டிலோ ஏறினால் நாட்கணக்கில் உறுத்தும், ஒரே ஒரு முள் சாற்றுக்குள் சென்றாலும் தொண்டையில் குத்தும். நீண்ட குறட்டால் பறித்து, ஈர மணலில் போட்டுச் சாக்குத் துணியால் உருட்டித் தேய்த்து, பின் தணலில் ஒரு கணம் வாட்டி, கழுவிய பிறகே வெட்ட வேண்டும்; பிழிந்த சாற்றை நெருக்கமான வெள்ளைத் துணியில் இருமுறை வடிக்க வேண்டும். மட்டைகளில் வெண்பஞ்சு போலப் பூச்சி அப்பியிருந்தால் அந்தச் செடியின் பழத்தை விட்டுவிடுவது நல்லது. நசுக்கினால் இரத்தம் போலச் சிவக்கும் அந்தப் பூச்சி, நாகதாளியைக் கட்டுப்படுத்தவே 1924 இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட கொச்சினீல் என்ற சாயப்பூச்சி இனத்தது. அதற்கு முன்பும் இவ்வினத்தின் வேறொரு வகை இங்கே வந்திருந்தது: 1795 இல் சாயப்பூச்சி என்று தவறாக எண்ணிப் பிரேசிலிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்த பூச்சி சாயத்துக்கு உதவாமல் கள்ளியை அழிக்க உதவியது, அதையே 1865 க்குச் சற்று முன் இலங்கைக்கும் எடுத்து வந்தார்கள். இப்பூச்சியின் சிவப்பு பழத்தின் நிறமி அன்று. சாற்றில் கலந்தால் நிறம் கூடியதாகத் தோன்றும், பயன் கூடாது.

நாகதாளிக்கு எதிராக நிற்கும் பெரிய உண்மை, அது ஆக்கிரமிப்புத் தாவரம் என்பதாகும். அம்பாந்தோட்டையின் பூந்தல தேசிய பூங்காவில் அது பரவி இயற்கைப் பற்றைக் காட்டை விழுங்கியதை நாடே அறியும். விழுந்த ஒரு மட்டைத்துண்டு வேர்விடும். பழம் தின்ற குருவியும் குரங்கும் விதையைப் பரப்பும். எனவே இருக்கும் செடியில் பறிக்கலாமே தவிர, புதிதாக நடுவதை நான் எந்தக் காரணத்துக்காகவும் ஆதரிக்க மாட்டேன். வடித்த பின் மிஞ்சும் விதைச் சக்கையைக் கொதிநீரில் அவித்தே குப்பைக் கிடங்கில் இட வேண்டும். பறிக்கும் இடமும் முக்கியம். வன்னியின் பற்றைகளில் கணிசமான பரப்பு வனத் திணைக்களத்தின் பொறுப்பில் உள்ளது. அனுமதியின்றி அதற்குள் செல்ல முடியாது. முகமாலை போன்ற பகுதிகளில் போர் முடிந்து பல ஆண்டுகள் சென்ற பின்னும் மிதிவெடி அகற்றும் பணி நீண்டது. அகற்றி ஒப்படைக்கப்பட்ட காணி என்று உறுதியாகத் தெரியாத எந்தப் பற்றைக்குள்ளும் ஒரு கூடைப் பழத்துக்காகக் காலெடுத்து வைக்க வேண்டாம் என்று இரந்து கேட்கிறேன். சொந்த வளவின் எல்லையிலும் வழமையாக ஆடு மேய்க்கும் திறந்த தரையிலும் கிடைக்கும் பழமே ஒரு வீட்டுக்குப் போதும்.

டிராகன் பழத்தைப் பற்றி இவ்வளவு எச்சரிக்கை தேவையில்லை. பழத்தில் முள் இல்லை, வளவுக்குள்ளேயே காய்க்கிறது, சந்தையில் அதன் பெயரை எல்லோரும் அறிவார்கள். தூணுக்கும் கன்றுக்கும் முதலீடு வேண்டும். கோடையில் அளவாக நீரும், வன்னியின் உச்சி வெயிலுக்குச் சிறிது நிழலும் வேண்டும். இரவில் மலர்ந்து காலையில் வாடும் பூவாதலால், தன் மகரந்தத்தால் காய்க்காத சிவப்பு வகைகளில் இன்னொரு வகையின் மகரந்தத்தை இரவிலோ விடியலிலோ தூரிகையால் தொட்டுவைக்க நேரும். சிவப்புச் சதையில் நிறமி நிறைந்துள்ளது, ஆனால் விற்றமின் சி பலரும் எண்ணும் அளவுக்கு இல்லை. சதையைவிடத் தோலில் பீனோலியப் பொருட்கள் நிறைந்திருப்பதாகப் பல அளவீடுகள் காட்டுகின்றன. பீடைநாசினி தெளிக்காத தன் வளவுப் பழமென்றால் தோலின் உட்பகுதியைச் சுரண்டிச் சேர்த்துக்கொள்ளலாம்.

நாகதாளி மட்டைத் தூளை விரும்புவோர் அதன் இலகுவைச் சொல்வார்கள்: ஆண்டு முழுவதும் கிடைக்கும், உலர்த்தினால் கெடாது. மட்டையில் குவர்செற்றின், ஐசோராம்னெற்றின் போன்ற பிளேவனொயிட்டுகள் உண்மையில் உள்ளன. கூடவே, சிறுநீரகக் கற்களில் பெரும்பாலும் காணப்படும் உப்பான கல்சியம் ஒட்சலேற்றின் பளிங்குகளும் மிகுதியாக உள்ளன. மட்டையின் வேதியியல் ஒரு நாளுக்குள்ளேயே மாறுவது வியப்புக்குரியது: வறட்சியைத் தாங்கும் இச்செடி பகலில் இலைத்துளைகளை மூடி இரவில் திறப்பதால், இரவெல்லாம் காபனீரொட்சைட்டை மலிக்கமிலமாகச் சேமித்துப் பகலில் செலவிடுகிறது. விடியலில் வெட்டிய மட்டை புளிக்கும். மாலையில் வெட்டியது புளிக்காது. நேரம் குறிக்காமல் வெட்டி உலர்த்திய தூள் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாக இருக்கும். சிறுநீரக நோய் பரவலாகக் காணப்படும் வவுனியா மாவட்டத்தை மனத்தில் கொண்டால், ஒட்சலேற்று மிகுந்த ஒன்றைத் தூளாக்கிச் செறிவாக்குவதை என்னால் பரிந்துரைக்க முடியாது.

எந்த வடிவில் எடுப்பது என்பதே, எந்தச் செடி என்பதைவிட முடிவைக் கூடுதலாக மாற்றுகிறது. பீற்றலைன்களுக்கு வெப்பம், ஒளி, காற்று மூன்றும் பகை. சாற்றைச் சீனியோடு காய்ச்சிப் பாகாக்கும்போது சிவப்பு பழுப்பாவதை எவரும் காணலாம். அந்தப் பழுப்பு, போய்விட்ட நிறமியின் அடையாளம். சிறிது நேரம் மட்டும் சூடேற்றி உடனே ஆறவைத்தால், பிரிந்த நிறமித் துண்டுகளில் ஒரு பகுதி மீண்டும் இணைந்து நிறம் கொஞ்சம் திரும்பும். நெடுநேரம் கொதித்தால் திரும்பாது. இரும்பு, செம்பு அயன்கள் இந்தச் சிதைவை விரைவாக்குபவை என்பதால், இரும்புத்தாச்சியையும் செம்புப் பாத்திரத்தையும் தவிர்த்து எவர்சில்வரையோ மண்பானையையோ பயன்படுத்த வேண்டும். துருவாடை வீசும் கிணற்று நீரைச் சாற்றில் கலக்கக்கூடாது. தேசிக்காயின் விற்றமின் சியும் புளியும் நிறமியைக் காப்பவை. சதையை வெயிலில் உலர்த்தித் தூளாக்குவது வன்னியில் எளிது போலத் தோன்றும், ஆனால் ஒளியும் வெப்பமும் சேர்ந்து நிறமியை எரித்துவிடும். மிஞ்சும் சீனியும் கூழும் ஈரத்தை இழுத்து மாரியில் கட்டியாகிவிடும். உறைநிலையில் உலர்த்தும் இயந்திரம் இதற்குச் சரியான தீர்வு, ஆயினும் ஒரு கிராமக் குழுவின் முதலுக்கு அது எட்டாது.

மதுசார வடிப்பில் பிளேவனொயிட்டுகள் தண்ணீரைவிட நன்றாகக் கரைகின்றன. ஆய்வுத்தாள்களில் பெரிய பெறுமானங்கள் வருவதற்கு அதுவும் ஒரு காரணம். ஆய்வுக்கூடத்தில் பயன்படும் மெதனோல் நஞ்சு. உண்பதற்குரிய எத்தனோலைக் கையாள மதுவரித் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். இவ்வேலை கிளிநொச்சி அறிவியல் நகரில் இயங்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடம் போன்ற ஆய்வுக்கூட வசதியுள்ள இடங்களுக்கே உரியது. வீட்டுக் குசினிக்கு உரியதன்று.

குடிப்பவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும். சிறுநீரக நோயாளர் பொற்றாசியத்தையும் ஒட்சலேற்றையும் கட்டுப்படுத்த வேண்டியவர்கள் என்பதால், மருத்துவரைக் கேளாமல் இவற்றில் எதையும் பழக்கமாக்கக்கூடாது. நாகதாளி இரத்தச் சீனியைக் குறைக்கக்கூடியதாகையால், சலரோகத்துக்கு மருந்தெடுப்போருக்கும் இதே சொல் பொருந்தும். நாகதாளி விதைகளை அதிகமாக விழுங்கினால் குடலில் இறுகி அடைத்துக்கொள்ளும். சிறு பிள்ளைகளுக்கு வடித்த சாறு மட்டுமே. மறுநாள் சிறுநீர் சிவந்திருந்தால் அது பெரும்பாலும் நிறமியே. பழம் உண்ணாத நாளிலும் சிவப்பு தொடர்ந்தால் வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

ஆகவே வளவெல்லையில் நாகதாளி ஏற்கெனவே நிற்கும் குடும்பம், பழக்காலத்தில் அன்றன்று பறித்து, காய்ச்சாமல் பிழிந்து, இருமுறை வடித்து, தேசிக்காய் சேர்த்து, சீனியை இயன்றவரை குறைத்து அன்றைக்கே குடித்து முடிப்பதுதான் மிகக் குறைந்த செலவில் மிக அதிகம் மிஞ்சும் வழி. வருமானம் தேடும் குழு சிவப்புச் சதை டிராகனை நட்டுப் புதுப்பழமாக விற்கட்டும். காய்ச்சிய பாகுக்கும் தூளுக்கும் உழைப்பையும் விறகையும் கொட்டி, விற்கத் தக்க அந்த நிறமியையே இழப்பதைவிட, பழத்தைப் பெட்டியில் அடுக்கி ஏ-9 வீதியோரச் சந்தைக்கு அனுப்புவது நேர்மையான வணிகமும் ஆகும். சாறுதான் விற்பது என்று உறுதியாக இருக்கும் குழுவினர் முதலில் ஒரு சிறு சோதனை செய்து பார்க்கலாம். ஒரே நாளில் பிழிந்த சாற்றை மூன்று கண்ணாடிப் போத்தல்களில் அடைத்து, ஒன்றைக் கடை அலுமாரியில் வைப்பது போல யன்னலோரத்திலும், ஒன்றை இருட்டறையிலும், ஒன்றைக் குளிர்சாதனப் பெட்டியிலும் வைத்து, நான்காம் நாள் மூன்றையும் வெள்ளைத் தாளுக்கு முன்னால் நிறுத்திப் பார்க்க வேண்டும். யன்னலோரப் போத்தல் பழுப்பாகியிருந்தால், மின்சாரம் அடிக்கடி நின்றுபோகும் ஊர்க்கடைக்கு அந்தச் சாற்றை அனுப்புவதா என்பதை அந்தப் போத்தலைப் பார்த்தே தீர்மானிக்கலாம்.